முறை பின்னால் வந்தது: ஹங்கேரியில் கோடாய் குழந்தைகளுக்கு எழுதிய சேர்ந்திசை

ஹங்கேரிய இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் என்ற பெயரைக் கேள்விப்பட்ட இசை ஆசிரியர்கள் முதலில் சொல்வது கைச்சைகைகளைப் பற்றித்தான். டோ-வுக்கு (நம் ஸ) மூடிய முஷ்டி, ஸோ-வுக்கு (நம் ப) உள்ளங்கை தன் பக்கம் திரும்பிய கை, இப்படி ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு சைகை. அப்புறம் 'டா', 'டிடி' என்று தாளத்தை வாயால் சொல்லிக் கைதட்டுவது. இதுதான் கோடாய் முறை என்று உலகம் முழுக்கப் பயிலரங்குகள் நடக்கின்றன. ஆனால் அந்தச் சைகைகள் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் பரப்பியவை, தாளச் சொற்கள் பிரான்ஸிலிருந்து வந்தவை, ஸ்வரங்களுக்குப் பெயர் வைத்துப் பாடும் வழக்கமோ 11-ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி குவிதோவரைக்கும் போகும். கோடாய் அவற்றில் எதையும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அவர் கொடுத்தது பாட்டுகள். குழந்தைகள் பாடுவதற்கென்றே ஒரு பெரிய இசையமைப்பாளர் தன் முழுத் திறமையோடு எழுதிய பாட்டுகள். அவை 1925-இல் வரத் தொடங்கின. அந்த வழியில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் முதல் பள்ளி 1950-இல்தான் திறந்தது. நடுவில் 25 ஆண்டுகள். அந்த 25 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம், ஏனென்றால் முறையை மட்டும் இறக்குமதி செய்கிறவர்கள் கோட்டைவிடுவது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன்.

1925 ஏப்ரல், புடாபெஸ்ட்

கோடாய் 1882-இல் கெச்கெமேத் என்ற ஊரில் பிறந்தவர். 1905 முதல் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தார். அடுத்த ஆண்டே நண்பரும் இசையமைப்பாளருமான பேலா பார்டோக்குடன் சேர்ந்து 20 பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். புடாபெஸ்ட் இசைக் கல்விக்கழகத்தில் பேராசிரியர். 1919-இல் சில மாதங்களே நீடித்த புரட்சி அரசில் இசைப் பொறுப்பு ஒன்றை ஏற்றதற்காக, ஆட்சி கவிழ்ந்ததும் அவர்மேல் விசாரணை வைத்து, கல்விக்கழகத்தின் துணை இயக்குநர் பதவியைப் பறித்தார்கள். அந்த ஒதுக்கத்திலிருந்து அவரை மீட்டது 1923 நவம்பரில் அரங்கேறிய 'சால்முஸ் ஹங்காரிகுஸ்' என்ற பெரிய படைப்பு. புடா, பெஸ்ட், பழைய புடா மூன்றும் ஒரே நகரமாக இணைந்த 50-ஆம் ஆண்டு விழாவுக்காக எழுதப்பட்டது அது. தனிக்குரல், கலப்புக் குரல் குழு, முழு வாத்தியக் குழு எல்லாம் உண்டு.

அந்தப் படைப்பில் விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு குழந்தைக் குரல் பகுதியையும் கோடாய் பின்னர் எழுதினார். அதைப் பாட வந்தவர்கள் வெஷெலேன்யி தெருப் பள்ளிச் சிறுவர்கள். பயிற்சி கொடுத்தவர் அந்தப் பள்ளி ஆசிரியர் எந்த்ரே போருஷ். அந்தப் பையன்கள் பாடுவதைக் கேட்டதுதான் திருப்பம். அவர்களுக்காகவே கோடாய் இரண்டு பாட்டுகள் எழுதினார். 1925 ஏப்ரல் 2 அன்று அவை மேடையேறின. ஒன்று 'வில்லோ', குளிர்காலத்தை ஊரைவிட்டு விரட்டி, பச்சைக் கிளையோடு வசந்தத்தை அழைத்துவரும் கிராமத்துப் பெண்களின் சடங்குப் பாட்டிலிருந்து எழுந்தது. இன்னொன்று 'துரோத் எஸிக் அ ட்சிகான்' ('ஜிப்சி பாலாடைக்கட்டி தின்கிறான்' என்று பொருள்), மின்னல் வேகத்தில் ஓடும் குறும்புப் பாட்டு, நடுநடுவே பொருளில்லாத சந்த ஒலிகள்.

பெரியவர்கள் மேடையில் ஒரு துணைப் பகுதியாகக் குழந்தைகள் உள்ளே வந்தார்கள், இசையமைப்பாளரின் காது அந்தக் குரலில் சிக்கிக்கொண்டது. கல்விக் கொள்கையோ குழு அறிக்கையோ எதுவும் இதற்கு முன்னால் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர் பையன்களை நன்றாகத் தயார் செய்திருந்தார், அவ்வளவுதான். போருஷ் அந்த வேலையைச் சரியாகச் செய்திருக்காவிட்டால் இந்தக் கதையே வேறு மாதிரிப் போயிருக்கும்.

பாட்டுக்குள்ளே என்ன இருக்கிறது

அந்தக் காலத்து ஹங்கேரியப் பள்ளிகளில் பாடியது பெரும்பாலும் ஜெர்மன் மெட்டுகளைத் தழுவி, பாடப்புத்தகத்துக்காகச் செய்த பாட்டுகள். நாட்டின் சொந்தக் கிராமியப் பாடல் நகரத்துப் பள்ளிக்குள் நுழையவே இல்லை. கோடாய் செய்த முதல் காரியம் அதை உள்ளே கொண்டுவந்தது. ஆனால் அப்படியே ஒரு மெட்டை எடுத்து அடியில் பியானோவில் நாலு சுரக்கூட்டு போட்டுக் கொடுத்துவிடவில்லை. குழந்தைகளின் குரல்களை மட்டுமே வைத்து, வாத்தியத் துணை எதுவும் இல்லாமல், இரண்டு, மூன்று, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து எழுதினார்.

1927-இல் எழுதிய 'லெங்யெல் லாஸ்லோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். இது ஒரு விளையாட்டு. ஒரு கூட்டம் பாலத்தைக் கடக்க வருகிறது, காவலில் இருக்கும் கூட்டம் நிறுத்துகிறது. நீங்கள் யாருடைய ஆட்கள்? போலந்துக்கார லாஸ்லோ ராஜாவின் ஆட்கள். இப்படிக் கேள்வியும் பதிலுமாகப் போய் கடைசியில் ஒருவர் பிடிபடுவார். நம்மூரில் இரண்டு பேர் கைகோத்து வாசல்போல் நிற்க, மற்றவர்கள் வரிசையாக அடியில் நுழைந்துபோகும் 'ஒரு குடம் தண்ணி ஊத்தி' விளையாட்டை ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். கோடாய் அந்த விளையாட்டின் அமைப்பையே இசையின் அமைப்பாக்கிவிட்டார். குழு இரண்டு கட்சியாகப் பிரிகிறது, ஒன்று கேட்கிறது, மற்றது சொல்கிறது, குரல்கள் மேலும் மேலும் அடுக்கிக்கொண்டு போகின்றன. எதற்காகப் பல குரலாகப் பிரிந்து பாடவேண்டும் என்று குழந்தைக்கு விளக்கவே தேவையில்லை. எதிரே ஒரு கட்சி நிற்கிறது, நாம் பதில் சொல்லியாகவேண்டும், அவ்வளவுதான்.

1926-இல் வந்த 'கெர்கேயாராஷ்' இன்னொரு வகை. புனித கிரகோரி நாளில் பள்ளிப் பிள்ளைகள் வீடு வீடாகப் பாடிக்கொண்டே போய் புதுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து, தின்பண்டமும் காணிக்கையும் வாங்கிவரும் பழைய வழக்கம் அது. பாடுகிறவர்கள் நிஜத்திலும் பள்ளிப் பிள்ளைகள், பாட்டுக்குள்ளும் பள்ளிப் பிள்ளைகள். பெரியவர்கள் குழந்தைகளுக்குப் புத்தி சொல்லும் வரிகளைக் குழந்தைகள் வாயிலேயே திணிக்கும் வேலை இதில் இல்லை. எனக்கு இந்தப் பாட்டுகளில் மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் குரல்களை அவர் கையாளும் விதம். சேர்ந்திசையில் கீழ்க்குரல் பாடுகிறவர்கள் எப்போதும் சலிப்போடு இருப்பார்கள், மேலே மெட்டு போகும், கீழே அவர்கள் ஒரே ஸ்வரத்தில் நிற்பார்கள். கோடாயின் இரண்டு குரல் எழுத்தில் கீழ்க்குரலுக்கும் பாடத்தக்க ஒரு மெட்டு இருக்கும், சில சமயம் முதன்மை மெட்டே அங்கே இறங்கிவிடும், அல்லது ஒரு குரல் பாடியதையே மற்றது கொஞ்சம் தள்ளித் தொடங்கித் துரத்தும். இந்தத் துரத்தல் உத்தி குழந்தைகளுக்கு மிகவும் உகந்தது. எல்லோரும் கற்றுக்கொள்ளவேண்டியது ஒரே மெட்டு, ஆனால் காதில் விழுவது இரண்டு அடுக்கு. 16-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் பாலெஸ்த்ரீனா காலத்து இத்தாலியத் தேவாலய இசையை ஆழ்ந்து படித்தவர் கோடாய், அந்தக் கைத்திறனை அப்படியே எட்டு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தார். 'பிள்ளைகளுக்கு இது போதும்' என்ற எண்ணம் எங்கேயும் தெரியாது.

பியானோவை ஏன் விலக்கினார் என்பதற்கு அவரிடம் தெளிவான காரணம் இருந்தது. பியானோவின் ஸ்ருதி எல்லாக் கட்டைக்கும் பொதுவாக இருக்கும்படி சமரசம் செய்து பிரிக்கப்பட்டது, அதில் பெரும்பாலான ஸ்வர இடைவெளிகள் துல்லியமானவை அல்ல. அதைக் கேட்டே பாடப் பழகிய குழந்தை அந்தச் சமரசத்தைத்தான் கற்றுக்கொள்ளும், பியானோ நின்றவுடன் குரலும் தடுமாறும். ஒரு குரலுக்கு ஒத்துப்பார்க்க இன்னொரு குரல்தான் சரியான அளவுகோல் என்பது அவர் வாதம். 1941-இல் 'சுத்தமாகப் பாடுவோம்' என்ற பெயரில் இதற்கென்றே இரண்டு குரல் பயிற்சிகளை வெளியிட்டார். இதில் அவரோடு நான் முழுமையாக ஒத்துப்போகிறேன். பள்ளி விழாக்களில் கீபோர்டு சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிள்ளைகள் பாடுவதைக் கேட்டவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

பார்டோக் சேர்ந்துகொண்டது

1935-இல் பார்டோக் குழந்தைகளுக்கும் பெண்களுக்குமாக இரண்டு, மூன்று குரல்களில் 27 பாட்டுகள் எழுதினார். வாய்மொழிப் பாடல்களின் வரிகளை எடுத்துக்கொண்டார், ஆனால் மெட்டு முழுக்க அவருடையது. கோடாய் கிராமிய மெட்டை வைத்துக் கட்டினார், பார்டோக் அந்த மெட்டுகளின் இலக்கணத்தை உள்வாங்கிக்கொண்டு புதிதாகப் பேசினார். சில பாட்டுகள் சோம்பேறிகளைக் கேலி செய்கின்றன, சில பிரிவையும் தனிமையையும் பற்றியவை. 'உலகில் எனக்கு யாருமில்லை' என்ற பொருளில் ஒரு பாட்டு இருக்கிறது. குழந்தைப் பாட்டென்றால் பட்டாம்பூச்சியும் வானவில்லுமாகவே இருக்கவேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கேட்கவேண்டும். குழந்தைகளுக்குத் துக்கம் தெரியும், அதைப் பாடவும் தெரியும்.

1937-இல் இவை மேடையேறின. அப்போது உலக அளவில் பெயர்பெற்றிருந்த, எழுத்தில் மிகக் கடினமானவர் என்று கருதப்பட்ட ஒருவர் பள்ளிக் குழந்தைகளுக்காக உட்கார்ந்து எழுதியது சின்ன விஷயம் இல்லை. பிறகு இவற்றில் ஏழு பாட்டுகளுக்குச் சிறிய வாத்தியக் குழுவுக்கான துணையையும் அவரே எழுதிச் சேர்த்தார்.

யார் அச்சடித்தது, யார் பாடவைத்தது

நல்ல பாட்டு எழுதினால் மட்டும் போதாது, அது ஊர் ஊராகப் போய்ச் சேரவேண்டும். இந்த இடத்தில்தான் கோடாயின் மாணவர்கள் வருகிறார்கள். லயோஷ் பார்தோஷ் முதலானோர் 1931-இல் 'மாட்யார் கோருஷ்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கிச் சேர்ந்திசைப் பாடல்களை அச்சடித்தார்கள். பார்டோக்கின் 27 பாட்டுகளும் அவர்கள் வழியாகத்தான் வெளிவந்தன. 1934-இல் 'பாடும் இளைஞர்' என்ற பெயரில் பள்ளிக் குழுக்களை ஒரே மேடைக்குக் கொண்டுவரும் இயக்கம் கிளம்பியது. அந்த மேடையில் பாடுவதற்குப் பாட்டு வேண்டும், அதனால் புதுப் பாட்டுகள் எழுதப்பட்டன, அவற்றை அச்சிட ஆள் இருந்தார்கள், அச்சில் வந்ததால் அடுத்த ஊர் ஆசிரியர் கையிலும் கிடைத்தது. எழுதுகிறவர், அச்சிடுகிறவர், பாடவைக்கிறவர் மூவரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் கோடாயின் பாட்டுகள் புடாபெஸ்டோடு நின்றிருக்கும். அந்தப் பதிப்பகம் 1950-இல், புதிய ஆட்சியின் கீழ், மூடப்பட்டது.

1929-இல் எழுதிய ஒரு கட்டுரையில் கோடாய் ஒரு விஷயத்தைப் பச்சையாகவே சொல்லிவிட்டார். கிஷ்வார்டா என்ற சிற்றூரில் பாட்டு ஆசிரியர் யார் என்பது, புடாபெஸ்ட் ஓபராவின் இயக்குநர் யார் என்பதைவிட முக்கியம் என்றார். மோசமான இயக்குநர் ஒருமுறை தோற்பார், போய்விடுவார். மோசமான ஆசிரியரோ 30 ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்து, 30 அணிப் பிள்ளைகளின் இசை ஆசையைக் கொன்றுவிடுவார். தலைநகரத்தின் பெரிய மேடைகளில் கொண்டாடப்பட்ட ஒருவர் இப்படிச் சொன்னதோடு நிற்காமல் அதற்கேற்ப நடந்தும் காட்டினார் என்பதுதான் இதற்குக் கனம் கொடுக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி படிப்படியான பயிற்சிகள். 1937 முதல் நான்கு தொகுதிகளாக வந்த 'பிசினியா ஹங்காரிகா' இரண்டு குரல் பாட்டுகள், 1943-இல் '333 வாசிப்புப் பயிற்சிகள்'. மேடைப் பாட்டுகளைக் குழந்தைகள் காதால் கேட்டு மனப்பாடம் செய்யாமல், தாளைப் பார்த்துத் தாங்களே பாடவேண்டும் என்பதற்கான ஏணி இவை. 1944-இல் அவர் மாணவர் யெனோ ஆதாம் ஆசிரியர்களுக்கான கையேடு எழுதினார். நாம் இன்று 'முறை' என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படிப் பிறர் கையால், பாட்டுகளுக்குப் பின்னால், பாட்டுகளைப் பாடமுடிவதற்காக உருவானது.

நம் சரளி வரிசையோடு ஒரு ஒப்பீடு

இந்த ஏணியில் டோ எந்த ஸ்ருதியிலும் இருக்கலாம், இடம்மாறும். மேல்நாட்டு ஆசிரியர்களுக்கு இதை விளக்கத் தனிப் பாடம் தேவைப்படும். நமக்கோ இது பழகிய விஷயம், ஒரு கட்டையில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் ஸ ஸ-தான். ஆனால் முதல் பாடம் எது என்பதில் இரண்டு மரபும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. நாம் மாயாமாளவகௌளையில் தொடங்குகிறோம். அதில் ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ என்று நான்கு ஜோடி ஸ்வரங்கள் மிக நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கோடாயோ சிறு குழந்தைக்கு அந்த நெருக்கம்தான் சுத்தமாகப் பாட மிகக் கடினம் என்று அதைத் தள்ளிவைத்தார். முதலில் ஸோ-மி, அதாவது நம் ப-க. பிறகு த. அப்புறம் ஸ, ரி. ஐந்தையும் கூட்டினால் மோகனம். ஹங்கேரியின் பழைய கிராமியப் பாடல்களும் ஐந்து ஸ்வர அமைப்புத்தான், அவற்றில் பல லா-வில் (நம் த) முடிவதால் நம் காதுக்குச் சுத்த தன்யாசியின் சாயலில் கேட்கும்.

இதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசியமில்லை. நம் பிள்ளைக்குப் பக்கத்தில் தம்புராவோ ஸ்ருதிப் பெட்டியோ ஓடிக்கொண்டே இருக்கிறது, நெருக்கமான ஸ்வரத்தைக்கூட அதில் ஒத்துப்பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம், மேலும் ஆசிரியர் எதிரில் ஒன்றிரண்டு பிள்ளைகள்தான். ஹங்கேரிய வகுப்பில் முப்பது, நாற்பது பேர், ஸ்ருதி போட எதுவும் இல்லை, ஒருவர் குரலே இன்னொருவருக்கு ஸ்ருதி. சூழ்நிலை வேறு, அதனால் முதல் பாடமும் வேறு. ஆனால் நம் பள்ளி வகுப்பறைகள் இரண்டாவது வகை என்பதையும் மறக்கக்கூடாது.

விளைவும் எல்லையும்

1950-இல் கோடாய் பிறந்த கெச்கெமேத்திலேயே, மார்தா நெமெஸ்ஸெகி என்ற ஆசிரியையின் பொறுப்பில், தினமும் பாட்டு வகுப்பு உள்ள தொடக்கப்பள்ளி திறந்தது. அந்த மாதிரியில் அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் பள்ளிகள் பெருகின. 1954-இல் ஹங்கேரிய வானொலியின் குழந்தைச் சேர்ந்திசைக் குழு தொடங்கியது. 1964-இல் உலக இசைக் கல்வியாளர்களின் மாநாடு புடாபெஸ்டில் கூடியபோதுதான் வெளிநாட்டினர் பலர் இந்தக் குழந்தைகளை நேரில் கேட்டார்கள். முறை உலகம் சுற்றத் தொடங்கியது அப்போதிருந்துதான். கோடாய் 1967-இல் மறைந்தார். 2016-இல் யுனெஸ்கோ, நாட்டார் இசையைக் காக்கும் நல்ல நடைமுறைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

எல்லைகளும் இருக்கின்றன. ஹங்கேரிய மொழியில் ஒவ்வொரு சொல்லின் முதல் அசைதான் அழுத்தம் பெறும், அதனால் அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் சமத்தில்தான் எடுக்கும். இந்தச் சந்தத்தை வைத்துச் செய்த பயிற்சி வரிசையை வேறு மொழிக்கு அப்படியே ஒட்டினால் பொருந்தாது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதை எடுத்துக்கொண்டவர்கள் தங்கள் சொந்த நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுக்கவேண்டியிருந்தது அதனால்தான். இன்னொன்று, அந்த முதல் இரண்டு பாட்டுகளில் ஒன்றான 'துரோத் எஸிக் அ ட்சிகான்' ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா இன மக்களைக் கேலியாகச் சித்திரிக்கும் ஒரு நாட்டுப்பாடல். இசையாக அது அபாரமானது, ஆனால் ரோமாக் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அதை யோசிக்காமல் பாடவைக்கமுடியாது. கிராமத்துப் பாட்டு என்பதாலேயே எல்லாம் தூய்மையாகிவிடாது. நம்மூர்ப் பாடல்களைத் தொகுக்கிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் அப்படியே காத்திருக்கிறது, சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்யும் வரிகள் நம்மிடம் குறைவா என்ன.

தமிழில் பல குரலில் பாடுவது முடியாத காரியம் இல்லை. எம்.பி.சீனிவாசன் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் குழுவைக் கொண்டு பாரதியின் கவிதைகளை அப்படிப் பாடவைத்தார். ஆனால் அது இளைஞர்களின் குழு. எட்டு, ஒன்பது வயதுக் குரலுக்கு, அவர்கள் எட்டக்கூடிய ஸ்தாயியில், கீபோர்டு இல்லாமல், இரண்டு பகுதியாக எழுதிய தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று ஒரு பள்ளி ஆசிரியர் கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்க அதிகம் இல்லை. கைச்சைகைப் பயிலரங்குக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை ஒரு நல்ல இசையமைப்பாளரிடம் கொடுத்து, ஐந்து ஸ்வரத்துக்குள், ஒரு குரலை இன்னொன்று துரத்தும்படி, இரண்டு நிமிடத்துக்குள் முடியும் மூன்று பாட்டு எழுதித் தரச்சொல்லலாம். எழுதுவதற்கு முன்னால் அவர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்கட்டும். எழுதியதை அச்சிட்டு விலையில்லாமல் அடுத்த பள்ளிக்கும் அனுப்பட்டும். சைகையும் தாளச் சொல்லும் அதற்கப்புறம் வரட்டும்.